உதிரிபாகம் கிடைப்பதில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஏழு பேர் வரிசை. ஒரே குழாய். எங்கள் மாடியின் ஆறு குடும்பத்துக்கும் பொதுவான குளியலறையில் இருப்பது நான்கு வாஷ்பேசின்கள். கனத்த பழைய பீங்கான், பித்தளைக் குழாய். மூன்று செத்துவிட்டன. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் பஸ்ஸை விட்டு இறங்காத கண்டக்டர் மாமா பின்னாலிருந்து கத்தினார்: "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" வாயில் நுரையோடு சிரித்துத் தொலைத்தேன்.

ஷோரூமுக்கு மறுபடி தாமதம். பகல் முழுக்க வாஷ்பேசின் விற்பவளுக்கு முகம் கழுவ வாஷ்பேசின் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

குளியலறைக் கதவில் நோட்டீஸ். இதைச் சரிசெய்ய வழியில்லையாம். ஆகவே மாடி குடியிருக்கத் தகுதியற்றதாம். 28-ஆம் தேதி சுகாதார அதிகாரி வந்து உறுதி செய்ததும் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். பக்கத்தில் ஆதாரமாக ஒரு கடிதத்தின் நகல்: "இவ்வகைக் குழாய்களுக்கு உதிரிபாகங்கள் தற்போது கிடைப்பதில்லை." எங்கள் ஷோரூமின் முத்திரை.

அம்மா கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "இது உன் கையெழுத்து மாதிரியே இருக்கேடி."

மாதிரி இல்லை. என்னுடையதேதான்.

மார்ச் 8, சனி

அந்தக் கடிதம் எங்களிடம் கட்டுக்கட்டாக அச்சடித்துக் கிடக்கிறது. பழையதைப் பிடுங்கி எறிய யாருக்குச் சாக்கு வேண்டுமோ, அவர் கேட்பார். மேனேஜர் தலையாட்டுவார். நான் பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போடுவேன். எந்தக் குழாய் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் தன் கட்டுமானக் கம்பெனி பெயரில் வாங்கியிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். அப்படியானால் அடுத்தவர் வீடென்றால் பரவாயில்லையா? — போட்டேனே. இரண்டு வருஷமாகப் போட்டேனே.

மேனேஜரிடம் கேட்டேன். "கிடைக்காதுன்னா கிடைக்காதும்மா. நீ என்ன, தேடிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அங்கேதான் குத்தியது. சரி, தேடுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று குழாய்களையும் கழற்றினேன். அடியில் வளைகுழாய் முழுக்க மயிரும் சோப்பும். பேசினில் படிந்த சுண்ணாம்புக் கறைமேல் வினிகர் நனைத்த துணியைப் போர்த்தி, ஊறியதும் மரக்குச்சியால் சுரண்டினேன். கறைக்குக் கீழே பளீரென்று பீங்கான். ஒரு விரிசல் கிடையாது. இதுவா தகுதியற்றது?

இரண்டு குழாய்களில் போயிருந்தது வாஷர். வெறும் வாஷர்! ஆறு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது விரல் நகம் அகல ரப்பர். முக்கில் இருக்கும் சின்னக் கடையிலேயே கிடைத்தது. மூன்றாவதில்தான் வினை. கைப்பிடியைத் திருகினால் ஏறி இறங்கும் ஸ்பிண்டிலின் மரை தேய்ந்து மழுங்கிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

ஐந்து கடை. ஒருவன் ஸ்பிண்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "மியூசியத்துல கேளுங்க" என்றான். உன் மூஞ்சி.

மார்ச் 16, ஞாயிறு

இடித்த கட்டடங்களின் சாமான்கள் வந்து சேரும் கிடங்கு. அதை நடத்தும் அக்கா ஸ்பிண்டிலை நகத்தால் வருடினாள். "பொடி மரை. இதுல புதுசு போகாது. மரையும் மரையும் ஒத்துவரலைன்னா எத்தனை திருகினாலும் சம்பந்தி சண்டதான்." ஒரு பீப்பாயைக் காட்டினாள். உள்ளே நூற்றுக்கணக்கில் பழைய குழாய்கள். "தேடு. கை கறுத்தா என்னத் திட்டாத."

மூன்று மணி நேரம். கிடைத்தது! மூடியோடு சேர்ந்த முழு ஸ்பிண்டில். வீட்டுக்கு வந்து பொருத்திய பிறகுதான் தெரிந்தது: வெந்நீர்க் குழாயிலிருந்து எடுத்தது, தலைகீழாகத் திருகும். மற்றவை திறக்கும் பக்கம் இது மூடுகிறது.

"உன்னை மாதிரியே இருக்கு" என்றாள் அம்மா.

மார்ச் 21, வெள்ளி

சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். "பொம்பளப் பிள்ளையா லட்சணமா இரும்மா." இருக்கிறேன். ஸ்பானரோடு.

மார்ச் 28, வெள்ளி

அதிகாரி வந்தார். மூன்று குழாய் கொட்டியது. நான்காவதைத் திருகினார், சொட்டு இல்லை. சொந்தக்காரரின் முகத்தில் கல்யாணக் களை. "அந்தப் பக்கம் திருப்புங்க சார்" என்றேன். சட்டை நனையக் கொட்டியது.

"எல்லாம் ஒப்பேத்தினது சார்" என்று சொந்தக்காரர் கடிதத்தை நீட்டினார். "மறுபடி கெட்டா பார்ட்ஸ் கெடையாது. கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு."

அம்மா பின்னாலிருந்து என் கையைக் கிள்ளினாள். பேசாதே என்று அர்த்தம். வீட்டில் வருவது என் சம்பளம் ஒன்றுதான். எனக்கு மட்டும் தெரியாதா? ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"அந்தக் கையெழுத்து என்னோடது சார். தேடாமலே போட்டேன். இப்ப தேடினேன், கெடைச்சுது. கிடங்குல இன்னும் இருக்கு."

"இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"பேனா குடுங்க."

மார்ச் 31, திங்கள்

வேலை போயிற்று. "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே" என்றார் மேனேஜர்.

"உண்டது உழைச்ச சம்பளத்துல சார்."

அம்மா மூன்று நாளாகப் பேசவில்லை. தட்டை மட்டும் வைக்கிறாள், ணங்கென்று.

ஏப்ரல் 9, புதன்

உத்தரவு வந்தது. மாடி தகுதியானது. யாரும் காலி செய்ய வேண்டியதில்லை. கண்டக்டர் மாமா மாடி முழுக்க விசில் ஊதிக்கொண்டு நடந்தார்.

ஜூன் 14, சனி

கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம். இன்று மதியம் ஓர் அம்மாள் செய்தித்தாளில் சுற்றிய குழாயோடு வந்தாள். ஒரு காகிதத்தை என் முன்னால் போட்டாள்.

"கிடைக்காதுன்னு நீதான எழுதிக் குடுத்த? ஷோரூம்ல கேட்டா நீ இங்க இருக்கன்னு சொன்னாங்க. எங்கள வெளிய போகச் சொல்றாங்க. நீயே கண்டுபிடிச்சுக் குடு."

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா எழுந்து தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்கம்மா. பாத்துக் குடுப்பா."

காகிதத்தைப் பார்த்தேன். ஆமாம், என் கையெழுத்துதான். இப்படி வந்ததில் இது ஒன்பதாவது. மொத்தம் எத்தனை போட்டேனோ, எனக்கே கணக்குத் தெரியாது.

வரட்டும்.