விட்டுப்போன இரண்டு சரணங்கள்

எடின்பரோ,
1972 பிப்ரவரி 3

அன்புள்ள பெத்தியா,

நான் நலம். உன் கைவெடிப்புக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தினமும் பூசிக்கொள்.

ஒரு சேதி. இங்கே மதுக்கடையில் நான் பாடியதை ஒருவர் கேட்டார். டால்கிளீஷ் என்று பெயர், இசைத்தட்டு போடும் கம்பெனிக்காரர். நம் பக்கத்துப் பழைய கதைப்பாடல்களில் பத்தை ஒரே தட்டில் போட வேண்டுமாம். கூடவே கிட்டார் வைக்கலாமா என்றார். "கிட்டார் கேக்கணும்னா கிட்டார்காரனக் கூப்பிடுங்க, என்னை எதுக்குக் கூப்பிடுறீங்க?" என்றேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஒன்பது பாட்டு என்னிடம் இருக்கிறது. பத்தாவதாக உன் அம்மா பாடிய கரும்பாறைப் பாட்டைப் பாட ஆசை. அது உங்கள் வீட்டுப் பாட்டு. வீட்டாரைக் கேட்காமல் நம் ஊரில் எவனும் அப்படி ஒரு பாட்டை எடுத்துப் பாட மாட்டான். பாடட்டுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் பிள்ளை கீத்தைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. நான் வீட்டை விட்டு வந்து ஒரு வருஷம். தட்டு வெளிவந்ததும் திரும்பி வந்துவிடட்டுமா? பெட்டியோடு வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் கேட்டுவிட நினைத்தேன்.

உன்,
இன்னெஸ்


ஃபின்னிகார்,
1972 பிப்ரவரி 12

அன்புள்ள இன்னெஸ்,

களிம்பு வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. மீன் கொட்டகையில் நாள் முழுக்கக் குடல் எடுக்கிற பெண்களே என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். ஆனாலும் பூசுகிறேன்.

பாட்டைப் பாடு. ஒரே ஒரு நிபந்தனை. பதினான்கு சரணத்தையும் பாட வேண்டும். ஒன்பதாவதில் காற்று ஏறுகிற நேரத்தில் அப்பன் மகனைக் கேலி பேசிக் கடலுக்கு அனுப்புகிறான். பத்தாவதில் தாய் அலையிடம் போய், என் பிள்ளையை அனுப்பியது யார் என்று கேட்கிறாள். உன் மேசையில் ரொட்டி பிட்டவன்தான் என்கிறது அலை. அந்த இரண்டையும் உன் குரலில் நான் கேட்க வேண்டும். ஏன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

இஸொபெல் மேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவள் மகன் டேவியைக் கீத்தான் அந்தக் காற்றில் இழுத்துக்கொண்டு போனான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நேற்று ரொட்டிக் கடை வரிசையில் என் காதுபடவே சொன்னாள்: "அந்த அடங்காத பய படகை எடுக்காம இருந்திருந்தா எம்புள்ள இன்னிக்கு இருந்திருப்பான்." நான் ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

முழுப் பாட்டையும் தட்டில் கேட்கிறேன். அதன் பிறகு வா. கட்டிலில் உன் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது.

உன்,
பெத்தியா


எடின்பரோ,
1972 ஜூன் 5

அன்புள்ள பெத்தியா,

தட்டு வந்துவிட்டது. அட்டையில் என் படத்தைப் பார். முடியை வாரிவிட்டு ஏதோ பாதிரியார் மாதிரி நிற்க வைத்துவிட்டார்கள். அபர்டீனில் இரண்டு அரங்கங்களில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு குறை. கரும்பாறைப் பாட்டில் இரண்டு சரணம் விட்டுப்போயிற்று. தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல் பிடிக்காதாம். டால்கிளீஷ் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே நின்றார். எவ்வளவோ சண்டை போட்டேன், நடக்கவில்லை. அவை இல்லாமலே கதை புரிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஜூலை ஒன்றாம் தேதி, சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறேன். ஒரு வரி எழுது.

உன்,
இன்னெஸ்


ஃபின்னிகார்,
1972 ஜூன் 14

இன்னெஸ்,

நம் வீட்டில் தட்டு சுற்றும் பெட்டி இல்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து மிஸ் லமோன்ட் வீட்டில் போய்க் கேட்டேன். உன் குரல் நன்றாக இருந்தது. எட்டாவது சரணம் முடிந்ததும் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். நீ பதினொன்றாவதுக்குத் தாண்டிவிட்டாய்.

மிஸ் லமோன்ட் தேநீர் போடப் போன நேரத்தில் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரம் அச்சடித்திருக்கிறது. நீ கவனிக்கவில்லை போல. கரும்பாறைப் பாட்டு இருக்கிற பக்கம் மொத்தமே பதினாறு நிமிஷம்தான். என் இரண்டு சரணங்களுக்கு ஒரு நிமிஷத்துக்குமேல் ஆகாது.

அன்று காலை நான் சமையலறையில் இருந்தேன் இன்னெஸ். கதவு திறந்திருந்தது. கீத் சொன்னான்: "பாரோமீட்டர் முள்ளு மளமளன்னு இறங்குதுப்பா, பெருங்காத்து வரப்போவுது. நான் துறைமுகத்துல பாத்துட்டுத்தான் வரேன். இன்னிக்கு வேணாம்." நீ ஃபிரேசர்பரோ மண்டபத்தில் பாடுவதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். காற்று அடிக்குமுன் கடலில் போட்டிருந்த சிங்கி இறால் கூடுகளைத் தூக்கியாக வேண்டும், நீயோ போக முடியாது. "முள்ளப் பாத்துப் பயந்தா அம்மா பாவாடைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கோ. டேவியாவது ஆம்பளையான்னு பாக்குறேன்" என்றாய். பையன் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். பத்தொன்பது வயது.

விசாரணையில் நீ சொன்னாய், வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் படகை எடுத்துவிட்டான் என்று. என்னைக் கேட்டார்கள். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை என்றேன். உனக்காகப் பொய் சொன்னேன். ஒருநாள் நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். பேச்சில் சொல்ல வாய் வராவிட்டால் பாட்டிலாவது சொல்வாய், ஊர் கேட்கும் என்று நினைத்தேன். அதற்குத்தான் அம்மாவின் பாட்டைக் கொடுத்தேன்.

நேரம் போதவில்லையா? உண்மையை எழுது.

பெத்தியா


எடின்பரோ,
1972 ஜூன் 19

அன்புள்ள பெத்தியா,

டால்கிளீஷ் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தடவை பாடிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒன்பதாவது வந்ததும் நிறுத்திவிட்டேன். நாலாவது தடவை தாண்டிவிட்டேன். "அவ்வளவுதானா?" என்றார். "எங்க ஊர்ல இப்படித்தாங்க பாடுவாங்க" என்றேன்.

நான்தான் அனுப்பினேன். நீ எழுதியிருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் நான் பேசியதுதான். கதவு திறந்திருந்தது எனக்குத் தெரியும். உனக்குக் கேட்டிருக்குமோ என்ற பயத்தில்தான் வீட்டில் இருக்க முடியாமல் இங்கே ஓடி வந்தேன். இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன், மனசிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

இது நமக்குள் இருக்கட்டும் பெத்து. ஊருக்குச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? இரண்டு பிள்ளைகளும் திரும்பி வரப்போவதில்லை. செத்துப்போனவனுக்குப் பழியும் இல்லை, புகழும் இல்லை. நமக்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது. அபர்டீனில் சுவரொட்டி எல்லாம் ஒட்டிவிட்டார்கள். மன்னித்துவிடு. சனிக்கிழமை வருகிறேன்.

உன்,
இன்னெஸ்


ஃபின்னிகார்,
1972 ஜூன் 27

இன்னெஸ்,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இஸொபெல் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் மூடப் போனாள். ஒரே ஒரு கடிதம் படிக்க வேண்டும், அப்புறம் போய்விடுகிறேன் என்றேன். உள்ளே கூப்பிடவில்லை. படியில் நின்றே முழுவதையும் படித்தேன். அந்தக் காலையில் நீ சொன்னதையும் கீத் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் உன்னைத் திட்டுவாள், கீத்துக்காக அழுவாள், என் கையைப் பிடிப்பாள் என்றெல்லாம் வழியில் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அப்ப உனக்கு இத்தனை நாளும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கோயில்ல எனக்கு முன்னாடி பெஞ்சுல உக்காந்தியேடி. உம்புள்ளய நான் சபிச்சதெல்லாம் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தியா?"

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

நேற்று பீட்டர்ஹெட் நீதிமன்றத்துக்குப் போய் என் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். உன் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். பொய் சொன்னதற்கு என்மீது வழக்கு வரலாம் என்றார் குமாஸ்தா. வரட்டும் என்றேன்.

உன்மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டிருந்தவரை எனக்கு வசதியாக இருந்தது. அந்த இரண்டு சரணத்தையும் நீ தட்டில் விழுங்கினாய். நான் இரண்டு வருஷமும் எட்டு மாதமும் விழுங்கிக்கொண்டிருந்தேன், பெற்ற பிள்ளையைவிடப் புருஷன் பெரிதென்று. அதை நினைத்தால் என் முகத்தையே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. உன் முகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது.

சனிக்கிழமை வராதே. வேறு எந்தக் கிழமையும் வராதே.

கீத்தின் அம்மா,
பெத்தியா