நீ பூசைக்குப் போயிருந்தாய்

மஸ்கெலியா
21.07.2025

அன்புள்ள பெற்றீசியாவுக்கு,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் நான் செய்த முதல் வேலை, ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் பார்த்திருக்க ஒரு பூச்சி மாத்திரையை வாயில் போட்டு மென்றதுதான். சுகாதாரப் பரிசோதகர், நம் பி.எச்.ஐ. ஐயா, மாத்திரைப் பெட்டியோடு வந்திருந்தார். விஞ்ஞான டீச்சர் என்பதால் வருடா வருடம் இந்த வேலை என் தலையில் விழும். மிஸ்ஸே தின்றால் பிள்ளைகள் கூச்சப்படமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

தனுஷிகா என்றொரு பிள்ளை, தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வருகிறவள், மாத்திரையைக் கைக்குள் ஒளித்துக்கொண்டாள். பின் வரிசை வாங்கிலிருந்து கிளாக்கர் வீட்டுப் பெண் ஒருத்தி, "லயத்துப் புள்ளைங்களுக்குத்தானே மிஸ் பூச்சி, நாங்க எதுக்குத் திங்கணும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் "பேசாம முழுங்கு" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நானும் தோட்டத்துக் கிளாக்கர் மகள்தானே.

மற்றபடி சுகம். மழை விட்டபாடில்லை. சுமனுக்கு இருமல், கசாயம் வைத்துக் கொடுத்தால் பெண்டாட்டி வைத்தது என்ற மரியாதைக்காவது குடிக்கலாம், மனிதர் ஜன்னலால் ஊற்றுகிறார். உன் மகள் நிரோஜினிக்கு ஓ.எல். ரிசல்ட் வந்திருக்குமே, ஏன் எழுதவில்லை? போன் எடுத்தால் அது உன் வீட்டுக்காரரோடு கடலில் இருக்கிறது.

பதிலைப் பார்த்திருக்கும்,
வடிவு


கற்பிட்டி
28.07.2025

என் அன்பு வடிவு,

உன் கடிதம் வந்த நேரம் நான் வீட்டில் இல்லை. செத்த டொல்பின் ஒன்றோடு கடற்கரையில் இருந்தேன். சிரிக்காதே.

நான்கு கரையேறிவிட்டன. இரண்டை நம் ஆட்கள் தள்ளி ஆழத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு செத்துப்போயின. அறுத்துப் பார்க்க ஒரு மிருக வைத்தியர் அம்மா வந்திருந்தார். பேசின் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான்தான் நின்றேன். வயிற்றில் இருந்ததை அரிதட்டில் போட்டுக் கழுவினோம். வெள்ளைப் புழுக்கள், அவித்த சேமியாவைக் கொட்டியதுபோல. ஒவ்வொன்றாய் இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் போத்தலில் போட்டேன். துண்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போட வேண்டுமாம், பேனா மை கரைந்துவிடுமாம். என் எழுத்து அழகாக இருக்கிறது என்றார். எட்டாம் வகுப்பு எழுத்து!

இந்தப் பூச்சிதானா கொன்றது என்று சிங்களத்தில் கேட்டேன். இல்லையாம். மீன் தின்கிற டொல்பின், திமிங்கிலங்களின் வயிற்றில் இது சாதாரணமாம், மீனோடு போகிறதாம். வேறொரு வகை காதுப் பக்கம் ஏறினால் திசை தப்பிக் கரைக்கு வருமோ என்று சந்தேகப்படுகிறார்களாம், உறுதியில்லையாம். "இதில் அசிங்கம் ஒன்றுமில்லை தங்கச்சி" என்றார்.

வடிவு, அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நம் கொன்வென்ட் விடுதிதான் ஞாபகம் வந்தது. சிஸ்டர் என் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்தது. அதில் ஒரு சாண் நீளத்தில் பூச்சி கிடந்தது. "லயத்துப் பழக்கம்" என்று அவர் சொன்னது. நாற்பது பிள்ளைகள். மருந்து குடித்துவிட்டு மூன்று வாரத்தில் வா என்றுதான் அனுப்பினார்கள். நான்தான் போகவில்லை. அப்பா எவ்வளவோ கெஞ்சினார். எந்த முகத்தோடு போவது? கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு நீ என்னைவிட அதிகமாய் அழுதாய். உன் புதுக் குடையை என் கையில் திணித்தாய். அதை நான் மறக்கவேயில்லை.

நிரோவுக்கு எட்டு ஏ, ஒரு பி. புத்தளத்தில் விடுதியோடு உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நான் விடப் போவதில்லை. போன வருடம் அவளுக்கும் பூச்சித் தொல்லை வந்தது. என் உடம்பில் வந்த பிள்ளைதானே. நான் நின்றதுபோல அவள் நிற்கக் கூடாது. இங்கேயே இருந்து கலைப் பிரிவு படிக்கட்டும். ஓகஸ்ட் 16க்குள் விடுதிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சுமன் அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

உன்
பெற்றீசியா


மஸ்கெலியா
03.08.2025

அன்புள்ள பெற்றீசியாவுக்கு,

நிரோஜினிக்கு என் முத்தம். எட்டு ஏ எடுத்த பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதே.

வயிற்றுப் பூச்சி மண்ணிலிருந்து வருவது. அதன் முட்டை கையோடும் கீரையோடும் உள்ளே போகும். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரும், கிளாக்கர் குவாட்டர்ஸ் பிள்ளைக்கும் வரும். பெற்றவளின் உடம்பிலிருந்து மகளுக்கு இறங்குகிற சொத்து இல்லை. விடுதியில் நடந்தது முப்பத்தொரு வருடத்துக்கு முந்திய சின்ன விஷயம். அதை மறந்துவிட்டுப் பிள்ளையை அனுப்பு.

பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
வடிவு


கற்பிட்டி
09.08.2025

வடிவுக்கு,

உன் கடிதத்தை நிரோதான் வாசித்துக் காட்டினாள். சின்ன விஷயம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

உனக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரும் என்கிறாய். நாற்பது கட்டிலில் என் கட்டிலில்தானே கிடந்தது? உன் விரிப்பைத் தூக்கிக் காட்டவில்லையே.

நேற்று நிரோ கேட்டாள், "ஒங்களுக்குப் பூச்சி வந்ததுக்கு நான் ஏம்மா படிக்கக் கூடாது?" நான் அடுப்பை ஊதப் போய்விட்டேன். அவள் இன்றைக்கும் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, நாலு நாளில் சரியாகிவிடுவாள். வருகிற சனிக்கிழமை புத்தளத்துக்குப் போய், வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வருவேன்.

உன்மேல் கோபமில்லை. உனக்குத் தெரியாது, அதனால் எழுதிவிட்டாய்.

பெற்றீசியா


மஸ்கெலியா
14.08.2025, வியாழன்

பெற்றீசியா,

உன் கடிதம் இன்று பகல்தான் கிடைத்தது. "உனக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும். அது என் விரிப்பு.

எனக்கு அந்த வாரம் காய்ச்சல். நினைவிருக்கும், உன் போர்வையையும் எனக்குப் போர்த்திவிட்டுத்தான் நீ பூசைக்குப் போனாய். கத்தோலிக்க வேதப் பிள்ளைகள் எல்லோரும் கோயிலில். எங்கள் பக்கத்தில் நான் மட்டும். விடிந்துகொண்டிருந்தது. தொடையில் ஏதோ ஊர்ந்ததுபோல் இருந்து எழுந்து பார்த்தேன். அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. படியில் சிஸ்டரின் சாவிச் சத்தம் கேட்டது. கட்டில் பார்க்க வருகிற நேரம்.

இரண்டு விரிப்பும் ஒரே வெள்ளை. உன்னுடையதை உருவி என் கட்டிலில் விரித்தேன். என்னுடையதை, அதோடு சேர்த்து, உன் கட்டிலில் போட்டேன். எத்தனையோ கட்டில்கள் காலியாக இருந்தன, பெற்றீசியா. உன் கட்டில் பக்கத்தில் இருந்தது, அதனால்தான் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிவந்தேன். அது பொய். லயத்துப் பிள்ளையின் கட்டிலில் கிடந்தால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள் என்று பதின்மூன்று வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. தலையில் முக்காட்டோடு வந்து நின்ற நீகூடக் கேட்கவில்லை. "மன்னிச்சுக்குங்க சிஸ்டர்" என்றாய். நான் உன் விரிப்பின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

நான் அழுதது உனக்காக இல்லை. நீ பேச வாயெடுத்துவிடுவாயோ என்ற பயத்தில். குடையும் அன்பினால் கொடுத்ததில்லை.

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு மருந்து கொடுத்தார். மூன்று விழுந்தன. "வெளிய சொல்லிராத, அப்பாவுக்குத்தான் அசிங்கம்" என்றார். பிறகு படித்தேன், கெம்பஸ் போனேன், டீச்சரானேன். வட்டப்புழுவின் வாழ்க்கை வட்டத்தை வருடந்தோறும் கரும்பலகையில் வரைகிறேன். மூன்று வருடத்துக்கு முன் தலவிலத் தேவாலயத் திருவிழாக் கூட்டத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது சொல்ல வந்தேன். நீ நிரோஜினியைக் கூப்பிட்டு, "இவதான் எனக்காக அழுதவ" என்று காட்டினாய். வாயை மூடிக்கொண்டேன். போன கடிதத்தில் சின்ன விஷயம் என்று எழுதியதும் அதே வாய்தான்.

உன் உடம்பில் எதுவும் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை. நீ பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றது என்னால். இப்போது உன் மகளும் அதே விரிப்புக்காக நிற்கப் போகிறாள்.

இதைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்கு முன் உனக்குக் கிடைக்காது. நீ சனிக்கிழமை புத்தளம் போய்விடுவாய். போனில் சொன்னால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் நாளை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். ஹட்டன், கண்டி, குருநாகல், புத்தளம் என்று மாறி மாறி வந்தால் பொழுது சாய்வதற்குள் கற்பிட்டிக்கு வந்துவிடலாம். இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. சுமன் முன் அறையில் இருமிக்கொண்டிருக்கிறார், அவருக்கும் தெரியாது. அவருக்குச் சொல்வதானால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். முதலில் கேட்க வேண்டியவள் நீ.

கடிதத்தை உன் கையில் தரமாட்டேன். நிரோஜினியின் கையில் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். அவள் முடிக்கும்வரை உன் வாசலில் நிற்பேன். உள்ளே வா என்று நீ சொல்ல வேண்டியதில்லை.

சண்முகவடிவு