கூழுக்கு அஞ்சிப் போன மன்னரைத் திருப்பி அனுப்புவது குறித்து

மழை தவறாதிருக்க. மேகம் தங்கும் முடியும், மிளகு மணக்கும் சரிவும், கோடையிலும் வற்றா அருவியும் உடைய நீலவரை நாட்டு மாமன்னர், பகைவர் முதுகை மட்டுமே கண்டறிந்த வேலிறையர் சமூகத்துக்கு, தென்மருங்கூர் அரசின் முதலமைச்சன், கல்லுடைப்பவள் மகன் கருந்திண்ணன் பணிந்து அனுப்பும் ஓலை. தங்கள் யானைகளும் ஆநிரைகளும் நலமாயிருக்கட்டும். தங்கள் மாளிகையில் விருந்துண்டிருக்கும் மருமகனார், எங்கள் மன்னர் இளங்கீரனாரைப் பற்றியதே இது.

கோடைதோறும் குடத்தோடு அலையும் எங்கள் சனங்களுக்கு ஓர் ஏரி வேண்டுமென்று திருவுளங்கொண்டவர் மன்னரே. கரை எழும்வரை அரண்மனையிலும் கேழ்வரகுக் கூழே உணவு, பாயே படுக்கை என்று முரசறைவித்தவரும் அவரே. கருந்திண்ணன் தடுத்துப் பார்த்தான். கல்குழி ஓரத்துத் தூளியில் வளர்ந்த அவனுக்குக் கூழ் எத்தனை நாள் இனிக்கும் என்பது தெரியும். முரசுச் சத்தத்தில் அவன் சொல் எடுபடவில்லை.

முதலில் மன்னர் கூழைப் புகழ்ந்து வெண்பா பாடினார். சில நாளில் வெண்பா நின்றது. பின்னர் ஏரிப்புழுதி சாளரம் வழியே நுழைந்து திருமூக்கில் தங்க, அவர் போட்ட தும்மலில் பட்டத்து யானை கட்டறுத்துக்கொண்டு ஓடிற்று. மறுநாளே மாமனாரின் உடல்நலம் விசாரிக்கவென்று பல்லக்கேறினார். தங்களுக்கு நோய் ஏதுமிருந்தால் பொறுத்தருள்க; நாங்கள் கேள்விப்படவில்லை.

கரையில் ஓராள் புகும் அளவுக்கு வாய் விட்டுவைத்து, முடி தரித்த தலைமேல் வரும் கூடைமண்ணால் அதை அடைக்கத் தொடங்குவது எங்கள் வழக்கம். அதற்கு முன் எவரும் அங்கே ஒரு பிடி மண் போடமாட்டார். அப்போதே வடக்கே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மழை முந்தினால் வெள்ளம் அந்த வாயைப் பிய்த்துக்கொண்டு பாயும். கரையும் வயலும் சனங்கள் பட்ட பாடும் ஒன்றாய்ப் போகும். இதை விண்ணப்பித்ததற்கு, தமக்கு இடுப்புப் பிடிப்பென்றும், தமக்கு ஈடாக வெண்கொற்றக்குடையை அனுப்புவதாகவும் மன்னர் மறுமொழி விடுத்தார்.

குடை வந்தது; கரையில் நட்டோம். மண்வெட்டுவோர் தலைவி பேராச்சி அதைச் சுற்றிவந்து, குடைக்கு மண் சுமக்கும் ஆற்றல் இல்லை என்று பணிவுடன் தெரிவித்தாள். ஓலைக்காக மெருகிட்டது அது. அவள் வாயிலிருந்து வந்தது இது: "ஏஞ் சாமி, எங்களக் கூழு குடிக்கச் சொன்ன வாயி அங்க ஆட்டுக்கறி திங்குது, இந்தக் குடை வந்து மண்ணு சொமக்குமாக்கும்? கொண்டுபோயி கோழியக் கவுத்து வையிங்க!" அவ்வாறே செய்யப்பட்டது. கோழிகள் நலம்.

இவ்வளவு நாளும் அதே கூழைக் குடித்து, அதே பாயில் படுத்து, முகஞ்சுளித்தபடியே இங்கிருந்தவர் தங்கள் திருமகளார் அல்லியங்கோதையார். இன்று காலை வானத்தைப் பார்த்தார். பல்லக்கில் கனக்குமென்று மன்னர் விட்டுப்போன மணிமுடியை எடுத்துவரச் சொல்லித் தாமே சூடினார். அதன்மேல் சும்மாடு, சும்மாட்டின்மேல் கூடை. கருந்திண்ணன் கை கொடுக்கப் போனான். வழிவிட்டால் போதும் என்றார். கரைக்குக் குழைத்த முழங்கால் சேற்றில் இருமுறை வழுக்கி, ஆன்றோர் கேட்கத்தகாத சொல் ஒன்றும் சொல்லி, கரைவாயில் மண்ணைக் கொட்டினார். "இந்தத் தலை போதும் எங்களுக்கு!" என்று பேராச்சி கத்த, பின்னால் நின்ற ஆயிரம் கூடையும் கவிழ்ந்தது. கரைவாய் அடைபட்டது. உடனே மழையும் இறங்கிற்று. இதை எழுதும்போது ஏரியில் கணுக்கால் அளவு தண்ணீர்.

கூடையின் பாரத்தில் மணிமுடி நசுங்கி, இனித் தங்கள் மகளார் தலைக்கு மட்டுமே பொருந்தும் வடிவாகிவிட்டது. ஆகவே அரசியார் ஆணை: மன்னர் வருவதானால் நடந்தே வரட்டும்; மதகுக்கு இன்னும் கல் சுமக்கவேண்டும், பேராச்சியின் ஆட்களில் ஓரிடம் காலி. வர மறுத்தால், இன்றுமுதல் அங்கும் அவருக்குக் கூழே வார்த்தருள்க.

இலச்சினை மோதிரம் மன்னர் விரலோடு போய்விட்டபடியால், கரைமண்ணை உருட்டி, அதில் அரசியார் பெருவிரல் பதித்ததே இவ்வோலைக்கு முத்திரை. தாங்கள் இதைப் படிக்கையில் அது உடைந்து புழுதியாய் உதிர்ந்திருக்கும். அருகில் எவரேனும் தும்மினால், அவரைத்தான் அனுப்பச் சொல்கிறோம்.