பள்ளங்கி ஓடையும் இருபது வருடக் கணக்கும்

பழநி ஆண்டவர் துணை

பள்ளங்கி
9-1-1965

அன்பு மகள் சண்முகவள்ளிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நான் நடமாட்டமாக இருக்கிறேன், டில்லிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கையால் நாலு வரி வந்தால்தான் எனக்கு நிம்மதி. கார்த்திகைக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். பூண்டு நன்றாக ஊன்றியிருக்கிறது, பனி மட்டும் இந்த வருடம் கடுமை. உன் அம்மா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, திதிக்கு நீ வரமுடியாவிட்டாலும் அங்கேயே ஒரு விளக்கு ஏற்று.

உனக்கு அங்கே என்ன உத்தியோகம் என்று ஊரில் கேட்டால், நாடு இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று சர்க்காருக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை என்பேன். அதற்கு மேல் எனக்கும் விளங்காது. இப்போது கொஞ்சம் விளங்கியிருக்கிறது. ஐப்பசியில் சுவாமிநாதன் என்று ஓர் அதிகாரி மதராஸிலிருந்து கொடைக்கானலுக்கு வந்து, ஐந்து மலைக் கிராமங்களிலிருந்து ஊருக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார். நம் ஊர் சார்பில் நானும் மேலத்தெரு கருப்பம்மாளும் போனோம், அவள் மூன்று மாதப் பெண்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லோரும் ரோடு வேண்டும், பஸ் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வருஷத்துக் குறையை வேறு ஆபீசில் சொல்லுங்கள், இருபது வருஷம் கழித்து உங்கள் ஊருக்கு என்ன வேண்டியிருக்கும் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். அப்போதுதான் கருப்பம்மாள், “அய்யா, மடியில கெடக்குற இவளுக்கு அப்ப இருபது வயசுங்க. ஒரு கொடம் தண்ணிக்கு எம்புட்டுத் தூரம் நடப்பா? அதை மொதல்ல எழுதுங்க” என்றாள். அதிகாரி பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதினார்.

பிறகு ஒரு வரைபடத்தை விரித்தார்கள். நம் ஊருக்கு மேலே இருக்கும் புல்மலை முழுதும் தைல மரம் வைப்பதாக யோசனையாம். “கீழ்ச்சரிவுல மரம் வச்சு பத்து வருசம் ஆச்சுங்க, அங்க இருந்த ஊத்து இப்ப மாசியோட நின்னுபோகுது, இங்கயும் வச்சா எங்க ஓடையும் போயிருமுங்க” என்று எழுந்து சொன்னேன். அளந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். கண்ணால் பார்த்ததுதான் என்றேன். உங்கள் கண்ணை நான் நம்புகிறேன், கோட்டையில் நம்பமாட்டார்கள் என்றார். கடைசியில் ஊருக்கு ஒருவர் மாதாமாதம் முதல் தேதி ஓடையை அளந்து எழுதி அனுப்புவது, வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் கூடி வருங்காலத்தைப் பேசுவது, அது அறிக்கையாகப் போன பிறகே சர்க்கார் முடிவெடுப்பது என்று ஏற்பாடு செய்தார். போன வாரம் கடிதம் போட்டிருக்கிறார், மூன்று வருடம் புல்மலையைத் தொடமாட்டார்களாம். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாவது கிடைத்ததே என்று கருப்பம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நம் ஊருக்கு அளப்பவன் நான்தான். வெள்ளனே ஓடைக்குப் போய், பாறை விளிம்பில் விழும் தண்ணீருக்கு மண்ணெண்ணெய் டின்னைப் பிடித்து, நிரம்பும்வரை ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணுகிறேன். மார்கழியில் பதினொன்று வந்தது. சில நாள் என் குரல் என் காதில் விழுவதே அங்கே மட்டும்தான் தாயி. அதனால் முதல் தேதிக்குக் காத்திராமல் இடையிலும் போய் எண்ணிவிட்டு வருகிறேன். ஆபீசுக்கு அதை எழுதுவதில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். இருபது வருடம் கழித்து உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அதில் ஒரு கட்டம். கருப்பம்மாள் சிரித்துக்கொண்டே ஏழு என்று போடச் சொன்னாள். எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது, நான் எதைப் போடுவேன்? “வீடு நிக்கும், உள்ள யாருன்னு தெரியலைங்க” என்றேன். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், பொய்க்கணக்குக்கு அது மேல் என்றார் அதிகாரி. விட்டுவிட்டேன். அந்தக் காகிதங்கள் டில்லிக்கும் போகுமாம். உன் மேசைக்கு வந்தால் என் கையெழுத்து உனக்குத் தெரியும். அப்பா மேல் இரக்கப்பட்டு அதில் எண் எதுவும் போட்டுவிடாதே. நீ அங்கேயே இருப்பதுதான் உன் முடிவு என்றாலும் எனக்குக் கோபமில்லை, உண்மை எதுவோ அதை எனக்கு ஒரு வரி எழுது, போதும்.

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. பட்டினி கிடந்து வேலை பார்க்காதே. உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எந்நாளும் உனக்கு உண்டு, தீர்க்காயுசாக இரு. பதிலை வெரசாப் போடு.

உன் அப்பா
சேனாதிபதி