ஆல்பனியில் உங்கள் அடக்கம்

ஜெரால்டன்,
11 நவம்பர் 1994

அன்புள்ள நெவில்,

டார்வினிலிருந்து நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. சுரங்கத்தில் ஆள் பற்றாக்குறை, கிறிஸ்துமஸ் வரை வர முடியாது, தபால் நிலைய முகவரிக்கே எழுது என்றிருந்தீர்கள். தபால் முத்திரையில் போன திங்கள்கிழமைத் தேதி. அதற்கு முந்திய புதன்கிழமைதான் உங்கள் அடக்கத்துக்குப் போய் வந்தேன்.

செய்தித்தாளில் படம் வந்திருந்தது. ஆல்பனியில் பாறைமேல் மீன் பிடித்துக்கொண்டிருந்த டங்கன் என்பவரை அலை கொண்டுபோய்விட்டதாம், உடல் கிடைக்கவில்லையாம். நான் பின்னிய பச்சை ஸ்வெட்டரில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு பகல் முழுக்கக் காரோட்டிப் போனேன். வழியெல்லாம் உண்மையாகவே அழுதேன்.

அங்கே உங்கள் இன்னொரு மனைவி மர்னியைப் பார்த்தேன். ஏழு மாத வயிறு. தூரத்து உறவு என்று சொல்லி வைத்தேன். இரண்டு வாரம் சுரங்கம், இரண்டு வாரம் வீடு என்று இருந்தீர்களாம். எனக்குத் தெரியாதா அந்தக் கணக்கு! தட்டு நிறையப் பலகாரம் வைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "கால் நனையவே பயப்படுவாருக்கா. மீன் வாடையே ஆகாது. அந்தப் பாறைக்கு எதுக்குப் போனாருன்னுதான் புரியல." எனக்கு அப்போதே அழுகை நின்றுவிட்டது.

பெட்டிக்குள் உங்கள் துணிகள் மட்டும். தூக்கியவர்களில் இருவர் அண்ணன் தம்பி, கிளைடும் வெர்னும். மூத்தவன் தம்பியிடம், "கீத் இவ்வளவு இளைச்சுட்டானா?" என்றான். உங்களுக்கு மூன்றாவதாகவும் ஒரு பெயரா என்று நான் திரும்பிப் பார்த்தேன். திரும்பியிருக்கக் கூடாது.

என் காரைப் பின்தொடர்ந்து வந்தவர்கள், இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான்கு வருடமாக அவர்களும் நீங்களுமாக மூவரும் சுரங்கத்திலிருந்து துளித்துளியாகக் கடத்திய தங்கத்தோடு நீங்கள் 'மூழ்கிவிட்டதை' மரியாதையாகவே சொன்னார்கள். சத்தம் போடுவதில்லை. வெர்ன் ஒழுகிய குழாயைச் சரி செய்து, புல்லும் வெட்டினான். கிளைட் தேநீர் குடிக்கும்போது, கீத்துக்கு நீச்சல் வருமா என்று கேட்டான். வராது என்றேன். "கத்துக்கிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவி வைத்தான்.

உங்கள் கார்டை எனக்கு முன் படித்தவர்கள் அவர்கள்தான். எனக்கு இதய அறுவை சிகிச்சை, உடனே வாருங்கள் என்று நேற்று ஒரு கடிதம் எழுத வைத்தார்கள். அதுவும் உங்களுக்கு வந்து சேரும். கையெழுத்து என்னுடையது, சொற்கள் அவர்களுடையவை. என் இதயம் நன்றாக இருக்கிறது. வராதீர்கள். இதைப் படித்ததும் டார்வினை விட்டுப் போய்விடுங்கள்.

நீங்கள் வராவிட்டால் என்னை என்ன செய்வார்கள் என்று அவர்களிடமே கேட்டேன். வெர்ன் தோட்டத்தைப் பார்த்தபடி, "மணல் மண்ணுங்க. தோண்டறது சுலபம்" என்றான்.

இதைத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்கு இடையில் எழுதுகிறேன். அவர்கள் வெளியே காரில் காத்திருக்கிறார்கள். பக்கத்து வரிசையில் பாடும் ஐவியிடம் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். இங்குள்ள தொலைபேசியில் மர்னியிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள், பிள்ளைக்கு எந்தப் பெயரை அப்பா பெயராக எழுதுவது என்று கேட்டாள். பத்தொன்பது வருடம் உங்களோடு வாழ்ந்த எனக்கே அது தெரியாது.

எங்கே போனாலும் உயிரோடு இருங்கள். உங்கள் நிஜப் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி அவளுக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு வேண்டாம்.

இன்னும் உங்கள்,
கிளெனிஸ்