ஒரு கை அரிசி

அக். 13, திங்கள்

மன்னிக்கணும் நோட்டே, இன்றும் பன்னிரண்டு தாண்டிவிட்டது. சாயங்காலத்திலிருந்து தூறல். இவருக்கு நூல் மில்லில் நைட் ஷிப்ட். நிலா இப்போதுதான் தூங்கினாள். மூன்றாவது பல் முளைக்கிறது, ஒரே சிணுங்கல்.

முடித்தவை: தையல் கடைக்குத் தீபாவளி போஸ்டர். பேன்சி ஸ்டோருக்கு மூன்று ஸ்டேட்டஸ். செல்வி அக்காவின் சத்துமாவு வீடியோ நன்றாக ஓடுகிறது. செட்டியார்பட்டியில் வீட்டில் வைத்து அவர் போடும் மாவு; விளம்பரம் முழுக்க என் பொறுப்பு. "நிலக்கடலை துளியும் இல்லை. பயமில்லாமல் கொடுங்கள்." நான் எழுதிய வரி. அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்களாம்.

செ. அக்கா போனில்: "ஏட்டி, அம்பது பாக்கெட்டும் காலி! ஒன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

அக். 14, செவ்வாய்

நல்ல வெயில். துணி காய்ந்தது. மதியம் சத்துமாவு வீடியோவுக்குக் கீழே ஒரு கமெண்ட். ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம், தேவி என்று ஒரு அம்மா.

"உங்க மாவுல கஞ்சி குடுத்தேன். பையனுக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு. அவனுக்கு நிலக்கடலை ஆகாது. இல்லைன்னு நீங்க போட்டதாலதான் வாங்கினேன். ஆஸ்பத்திரியில இருக்கோம்."

எல்லாக் கடைக்காரர்களுக்கும் நான் சொல்லும் பாடம்: குறை சொன்ன கமெண்ட்டை அழிக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் பேர் சொல்லிப் பதில் போடுங்கள். அக்காவைக் கூப்பிட்டேன்.

"மொதல்ல அதை அழிட்டி. தீபாவளி நேரம். நாம கடலையே போடலையே, அவ வேற எதையாவது குடுத்திருப்பா."

"இல்லக்கா, பதில் போடணும்..."

"ஒனக்கென்ன, போஸ்டரப் போட்டுட்டுப் போயிருவ. இதுல சோறு திங்கிறவ நானு."

அழித்தேன். அந்த அம்மாவை பிளாக்கும் செய்தேன். அக்கா சொன்னார், சரி. செய்தது என் விரல்.

அக். 15, புதன்

தூக்கமே இல்லை. வாங்க: டயப்பர், பாத்திர சோப்பு. நிலாவுக்கு ஊட்டும்போது அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், பயந்து அழுதாள்.

போனில் கிடந்த, வெட்டாத வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ராஜபாளையத்து மாவு மில், போன வாரம். அக்கா வரவில்லை, நான் மட்டும் மாவுச் சாமானோடு போன நாள். முன்னால் அரைத்தவர் மாவு மெஷினில் தங்கியிருக்கும். ஒரு கை அரிசி போட்டு ஓட்டி, அதைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்தவருடையதைக் கொட்டுவார்கள்.

மில்காரர் குரல்: "செத்த பொறும்மா, இப்பத்தான் ஒரு அம்மா நெலக்கடலைப் பொடி அரைச்சிட்டுப் போறாவ. ஒரு கை அரிசி ஓட்டிக்கிடுவோம்."

என் குரல்: "வேண்டாம்ண்ணே, மேகம் கட்டுது, வெளிச்சம் போயிரும். அப்படியே கொட்டுங்க."

வீடியோவில் மாவு அழகாக விழ வேண்டும் என்று. இரண்டு குரலையும் எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டதும் நானே.

அக்காவிடம் சொன்னேன்.

"அம்பது பாக்கெட்டும் யார் யார் வீட்லட்டி கெடக்கு?"

ஆர்டர் கொடுத்தவர்களை இரண்டு பேரும் பிரித்துக்கொண்டு, பேர் பேராகப் போன் செய்தோம். ஏழு பேர் எடுக்கவில்லை, தேவி அம்மாவும் அதில் ஒருவர். வீடியோவை எடுத்துவிட்டு அதே இடத்தில் போட்டேன்: "இந்த மாவில் நிலக்கடலை கலந்திருக்கிறது. கொடுக்காதீர்கள். தவறு, விளம்பரம் செய்த என்னுடையது."

சாயங்காலமே தையல் கடைக்காரர்: "பாப்பா, போஸ்டருக்கு இனி வேற ஆளப் பாத்துக்கிடுதோம்." சரி என்றேன். அது இப்போது பெரிதாகத் தெரியவில்லை.

பிளாக்கை நீக்கினேன். அனுப்பியது, அப்படியே:

தேவி அக்கா, உங்கள் கமெண்ட்டை அழித்தது நான். மாவில் கடலை கலந்ததும் என்னால்தான். அரைத்த மெஷினில் நிலக்கடலைப் பொடி இருந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். என் மேல் புகார் கொடுங்கள், நான் மறுக்க மாட்டேன். தம்பி எப்படி இருக்கிறான்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.