தொட்டி வாயில் ஓர் ஆள்

10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மத்திகிரி பஸ் இருபது நிமிடம் தாமதம். சாக்ஸ் ஈரம்.

கம்பெனியில் பாதுகாப்பு வாரம். கேன்டீனில் திரை கட்டி ஒரு சினிமா. நடுக்கடல், பாய்மரப் படகு, தன்னந்தனியாக ஒருத்தன். நம் சேஃப்டி சூப்பர்வைசர் இருபத்திரண்டு வருடம் கப்பலில் இருந்தவர் என்று ஹெச்.ஆர். மேனேஜர் என்னை எல்லோருக்கும் அறிமுகம் வேறு செய்தார். முன்வரிசை நாற்காலி.

பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அடித்த கூத்து:

– காவலுக்கு ஆள் கிடையாது. பட்டப்பகலில் தூக்கம். மரக்கட்டை மோதி படகில் ஓட்டை.
– இடுப்பில் கயிறு கட்டாமல் புயலில் மேலே நடக்கிறான்.
– ரேடியோ, அவசர விளக்கு எல்லாம் தண்ணீர் ஏறும் அறையிலேயே.

இடைவேளைக்கு முன்பே செத்திருக்க வேண்டும். கரையேறிவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். அவன் தனியாகக் கிளம்பியதே முதல் தப்பு என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

மாலையில் தூத்துக்குடி செல்வத்துக்குப் போன். என்னோடு ஒரே கப்பலில் வேலை பார்த்தவன். அவனும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான். அரைமணி நேரம் திட்டினான். "எடுத்தவன ஒரு நாள் கப்பல் டேங்க்ல தனியா எறக்கி விடணும்ல" என்றான். எங்கள் கப்பல் ராஜு செத்தது அப்படித்தான், டேங்கில் தனியாக இறங்கி. ஐந்து நிமிட வேலை என்று மேலே யாரையும் நிறுத்தவில்லை.

11, புதன்

வெயில். வீட்டுக்காரர் மோட்டார் போடவில்லை, அரை வாளியில் குளியல்.

ஹெச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டார். கழிவுநீர்த் தொட்டி கழுவ இதுவரை இரண்டு பேர். ஒருவர் உள்ளே, ஒருவர் தொட்டி வாயில். நாளை முதல் ஒருவர் போதுமாம். மற்றவர் பேக்கிங்குக்கு.

"சும்மா உக்காந்திருக்க ஒரு ஆளா சார்? நேத்து படத்துல பாத்தீங்கல்ல, ஒத்த மனுஷன் என்னல்லாம் பண்றாரு."

சினிமாவைக் காட்டி ஆளைக் குறைக்கிறார்கள். கத்தினேன். உள்ளே மயங்கியவன் தானே கூப்பிடுவானா, யார் பார்ப்பது என்று கேட்டேன். இது கப்பல் இல்லை என்றார். கப்பலாக இருந்தால் இவரைத்தான் முதலில் இறக்கியிருப்பேன். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பல்வலி வேறு.

12, வியாழன்

மேகமூட்டம். மேஜையில் தொட்டி வேலைக்கான அனுமதிச் சீட்டு.

உள்ளே இறங்குபவர்: திம்மராயன்.
மேலே காவல்: திம்மராயன்.

கீழே என் கையெழுத்துக்கு இடம். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காதாம், அதனால் அதே பெயர். ஒரு மனிதன் தொட்டிக்குள்ளும் இருப்பான், வெளியில் நின்று தன்னையே எட்டியும் பார்ப்பான்! கிழித்துப் போட்டேன்.

திம்மராயன் வேப்பனப்பள்ளிக்காரர், நாற்பத்தைந்து வயது, கான்ட்ராக்ட். பூட்ஸ் மாட்டித் தயாராக நின்றார். நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கு ஆப்சென்ட். வேறு சீட்டு எழுதி, காவல் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். வாயு அளவு பார்த்து, காற்றுக் குழாய் விட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினேன். வாயருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இருக்கிறேன் என்பதைத் தெலுங்கில் "உன்னானு" என்று சொல்வார். ஒருமுறை தாமதமானது. கயிற்றை இழுத்துவிட்டேன். இருமலாம்.

பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். கையில் கடிதம். சொன்னதை மீறியதால் என் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. உடனே எழுந்து வரச் சொன்னார். ஆள் மேலே வந்ததும் வருகிறேன் என்றேன். கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இதற்குக் கைதட்ட ஒருத்தர் இல்லை.

ஒரு மணிக்கு திம்மராயன் ஏறி வந்தார். முகம் கழுவினார். வேலை பாதிதான் முடிந்திருந்தது. கடிதம் என் சட்டைப்பையில்.

"மீதிய நாளிக்கு முடிச்சிரலாங்கண்ணா" என்றார். "மேல நீங்கதானே?"